பில் கையில் இருந்தும் 60 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: ஹைதராபாத் மால்களுக்கு வண்டியில் போகிறவர்கள் படிக்கவும்

ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இருக்கிற நம்மவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கடைக்கு அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் நான் அப்படிப் போன ஒரு சனிக்கிழமையில்தான் இது நடந்தது. மாலில் வண்டி நிறுத்தக் கட்டணம் என்று வாங்கிய தொகை 60 ரூபாய்தான். ஆனால் அதை வாங்கிய விதம் இருக்கிறதே, அதை இரண்டு வாரமாக என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது பத்மாராவ் நகர், ஸ்கந்தகிரி கோயிலுக்குப் பக்கம். தீபாவளிக்கு முன்னால் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலிக்கு மெத்தென்று ஒரு செருப்பும், அண்ணன் குழந்தைகளுக்குத் துணியும் வாங்க வேண்டும் என்றார். தெருக்கடைகளில் ஏறி இறங்க அவரால் முடியாது என்பதால், நகரத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய மாலுக்குக் காரில் போனோம். மாலின் பெயரைச் சொல்லவில்லை. இதே வழக்கம் வேறு சில இடங்களிலும் இருப்பதாகப் பழகிய இரண்டு பேர் சொன்னார்கள், அதனால் பெயரைவிட வழக்கத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

உள்ளே நுழையும்போது சீட்டில் இருந்த நேரம் மாலை 5.40. வண்டியை இரண்டாம் அடித்தளத்தில் விட்டுவிட்டு லிஃப்டில் மேலே போனோம். செருப்பும் துணியும் சேர்த்து 1,860 ரூபாய் ஆனது. அம்மாவுக்கு அதற்கு மேல் நடக்க முடியவில்லை, ஒரு காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டோம். 6.31க்குக் காரில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டேன், அதாவது வந்து 51 நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அப்போது அண்ணனுக்கு "கிளம்பிட்டோம்" என்று செய்தி அனுப்பியிருந்தேன்.

அங்கே ஆரம்பித்தது. இரண்டு அடித்தளத்திலிருந்தும் வரும் வண்டிகள் ஒரே சாய்தளத்தில் வந்து முட்டுகின்றன. வெளியேற இரண்டு கவுண்டர் இருக்கிறது, அன்று ஒன்று மூடியிருந்தது. பண்டிகைக் கூட்டம், காற்றோட்டம் கிடையாது, புகை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசை ஒரு வண்டி, ஒரு வண்டியாக நகர்ந்து, நான் கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது மணி 7.04. கடையில் இருந்ததைவிட அந்த வரிசையில் நின்றதுதான் எனக்குப் பெரிய அலுப்பு.

கவுண்டரில் இருந்த பையன் சீட்டை வாங்கி இயந்திரத்தில் காட்டிவிட்டு 60 ரூபாய் என்றான். பில்லைக் காட்டினேன். "மேடம், முதல் அரை மணி நேரம்தான் ஃப்ரீ, நீங்க ஒரு மணி நேரமே தாண்டிட்டீங்க" என்று தெலுங்கில் சொன்னான். சாமான் வாங்கியிருக்கிறேனே என்றதும், அப்படியானால் பில்லில் கீழ்த்தள உதவி மேசையில் முத்திரை வாங்கி வந்திருக்க வேண்டும், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றான். அப்படி ஒரு மேசை இருக்கிறது என்று உள்ளே எங்கேயும் எழுதி வைக்கவில்லை, பில் போட்ட இடத்திலும் யாரும் சொல்லவில்லை. பின்னால் பத்துப் பதினைந்து வண்டி, எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். அம்மா "குடுத்துட்டு வாடி, எனக்குத் தலை சுத்துது" என்றார். கொடுத்துவிட்டேன்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான், நானே வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். கவுண்டரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினேன் அல்லவா, அது மாலின் பெயருக்கும் போகவில்லை, எந்த நிறுவனத்தின் பெயருக்கும் போகவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்குப் போயிருக்கிறது. நுழைவுச் சீட்டை, அதாவது நான் 5.40க்கு வந்தேன் என்பதற்கான ஒரே ஆதாரத்தை, அவன் திரும்ப வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டான். பதிலுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் வெறும் எண்களும் 60 என்பதும்தான் இருந்தன. மாலின் பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை, பணம் கட்டியாயிற்று என்ற முத்திரையும் இல்லை.

அன்று இரவே உட்கார்ந்து விதியைத் தேடிப் படித்தேன். தெலங்கானா அரசின் நகராட்சி நிர்வாகத் துறை 2018 மார்ச் 20 அன்று 63ஆம் எண் அரசாணை ஒன்று போட்டிருக்கிறது, மால், மல்டிபிளெக்ஸ், வணிக வளாகம் இவற்றில் வண்டி நிறுத்தக் கட்டணம் எப்படி வாங்கலாம் என்பதற்காகவே போட்ட ஆணை. மிக எளிமையானது. முதல் 30 நிமிடத்துக்கு யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது, சாமான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி. 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை என்றால், அந்த வளாகத்தில் எவ்வளவு சின்ன தொகைக்கு வாங்கிய பில்லைக் காட்டினாலும் இலவசம், பில் இல்லையென்றால்தான் கட்டணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், பில்லோ சினிமா டிக்கெட்டோ அந்தக் கட்டணத்தைவிட அதிகமான தொகைக்கு இருந்தால் போதும், அப்போதும் இலவசம்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். 51 நிமிடத்தில் கிளம்பினேன் என்று எடுத்துக்கொண்டால், பில் இருப்பதால் இலவசம். சரி, அவர்கள் கடிகாரப்படியே 84 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், 60 ரூபாய்க் கட்டணத்துக்கு எதிரே என் பில் 1,860 ரூபாய், அப்போதும் இலவசம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்னிடம் ஒரு பைசா வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. உதவி மேசை, முத்திரை என்பதெல்லாம் நான் படித்த ஆணையில் எங்கேயும் இல்லை, வாங்குபவர் பில்லைக் காட்டினால் போதும். "அரை மணி நேரம் ஃப்ரீ" என்ற முதல் வரியை மட்டும் சொல்லி, அடுத்த இரண்டு வரியை விழுங்கிவிடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தனியாக நிற்கும் ஒற்றைத் திரை சினிமா தியேட்டர்கள் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று 2021இல் அரசு அனுமதித்துவிட்டது. அங்கே போய் இந்த ஆணையைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். நான் சொல்வது மால்களையும் மல்டிபிளெக்ஸ்களையும்தான்.

அந்தத் துண்டுச் சீட்டு விஷயத்துக்கும் விதி இருக்கிறது. கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டுக் கொடுக்க வேண்டும், அதில் வளாகத்தின் பெயர் இருக்க வேண்டும், கட்டணம் செலுத்தப்பட்டதா விலக்கு அளிக்கப்பட்டதா என்று முத்திரை இருக்க வேண்டும், இல்லையென்றால் 50,000 ரூபாய் அபராதம் என்று ஹைதராபாத் மாநகராட்சி 2021இல் அறிவித்திருக்கிறது. விதியை மீறிக் கட்டணம் வாங்கிய மால்களுக்கு அதே 50,000 அபராதம் போட்டும் இருக்கிறார்கள். ஆக மால் நிர்வாகத்துக்கு இது தெரியாத விஷயமே இல்லை.

மறுநாள் மாலுக்குத் தொலைபேசியில் பேசினேன். பார்க்கிங்கை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருக்கிறோம், அவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்தக்காரர் எண்ணைக் கேட்டால் இல்லையாம். நான் மாலுக்குள் போனேன், மாலில் பொருள் வாங்கினேன், மாலின் வாசலில் என்னிடம் பணம் பிடித்தார்கள், இடையில் யாரோடு அவர்கள் ஒப்பந்தம் போட்டால் எனக்கென்ன? இதைச் சொன்னதும் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். எழுதினேன். பதில் இல்லை.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். கடை பில், பணம் போன ஸ்கிரீன்ஷாட், அந்தத் துண்டுச் சீட்டு, அண்ணனுக்கு 6.31க்கு அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் வைத்திருந்தேன். ஆனால் நுழைவுச் சீட்டு இல்லையே என்பதுதான் பெரிய குறையாக இருந்தது. பில்லில் கடையின் நேரம் 6.12 என்று இருந்ததால் தப்பித்தேன். ஒன்பதாம் நாள் மாலிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். முதலில் 200 ரூபாய்க்கு அன்பளிப்பு அட்டை தருகிறோம் என்றார்கள். வேண்டாம், என் 60 ரூபாயை அனுப்புங்கள், விதி முழுவதையும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி நுழையும் இடத்திலேயே பலகை வையுங்கள் என்றேன். பணம் அன்று மாலையே வந்துவிட்டது. பலகையைப் பற்றிப் பார்க்கிறோம் என்றார்கள்.

பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகத்தான் இருந்தேன். பலர் அதற்கு வக்கீல், செலவு என்று பயப்படுகிறார்கள். வக்கீல் இல்லாமல் நாமே வழக்குப் போடலாம், வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நுழைவுச் சீட்டு கைக்கு வந்தவுடனே அதைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், வண்டியை நிறுத்திய பிறகு எடுக்கலாம் என்று விடாதீர்கள், மறந்துபோகும். பில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு தண்ணீர் பாட்டில் பில்கூட ஒரு மணி நேரம் வரைக்கும் செல்லும். காரில் ஃபாஸ்டாக் இருந்தால், அதை வைத்தே கட்டணம் பிடிக்கும் வரிசையில் போவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள், அங்கே பில்லைக் காட்டுவதற்கு முன்பே பணம் கழிந்துவிடலாம். ஆள் இருக்கும் வரிசைக்கே போங்கள். பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், போனில் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசாணையின் நகலைப் போனில் வைத்திருங்கள். அந்தப் பையன்களிடம் கத்தாதீர்கள், அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்வதைத்தான் செய்கிறார்கள், நாளெல்லாம் அந்தப் புகையில் நிற்பதும் அவர்கள்தான்.

இன்னொன்றும் எனக்குச் சொல்ல வேண்டும். அந்த 30 நிமிடம் போதாது. ஒன்றும் வாங்காமல் போகிறவர்கள் என்றால் யார்? அளவு சரியில்லாத சட்டையை மாற்ற வருகிறவர், கடையில் வேலை செய்யும் மகளைக் கூட்டிப்போக வருகிற அப்பா, விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று திரும்புகிறவர். அடித்தளத்தில் இடம் தேடவே பத்து நிமிடம் ஆகிறது, வெளியே வர அன்று எனக்கு 33 நிமிடம் ஆனது. அதாவது கடைக்குள் காலே வைக்காமல், வந்த வழியே திரும்பினாலும் அன்று இலவச நேரம் முடிந்திருக்கும். கவுண்டரை மூடி வைத்து வரிசையை நீட்டுவது அவர்கள், அந்த நேரத்துக்குக் காசு கொடுப்பது நாமா? யாருக்கும் முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்று ஆணையை மாற்ற வேண்டும், வெளியேறும் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இது நடக்காத காரியம் இல்லை. குஜராத்தில் இதே மாதிரி வழக்கில், 2018இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் முதல் ஒரு மணி நேரம் இலவசமாக விடச் சொன்னார், 2019 ஜூலையில் மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு மால்களுக்குக் கட்டணம் வாங்கவே உரிமை இல்லை என்றது. நகராட்சி நிர்வாகத் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவுடன் மறுபடியும் அதே மாலுக்குப் போனேன். பலகை இல்லை. வெளியே வரும்போது கவுண்டரில் அதே பையன். பில்லையும் போனில் இருந்த அரசாணையையும் காட்டினேன், ஒரு வார்த்தை பேசாமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டான். கொஞ்சம் தள்ளி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் வந்த காரில் ஒரு பெண், மடியில் குழந்தை, பின் சீட் முழுக்கக் கடைப் பைகள், பர்ஸைத் திறந்து நோட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். இறங்கிப் போய், "அம்மா, பில் இருக்கா, அதைக் காட்டுங்க, பணம் கொடுக்க வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னையும் அந்தப் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பைக்குள் கையை விட்டுப் பில்லைத் தேட ஆரம்பித்தார்.