கிட்டா, பெர்ஃபோர்ஸா: கேம் குழுவினரின் வேலையை ஒன்றுசேர்க்கும் இரு வழிகள்

ஒரே நிரல்கோப்பை இருவர் திருத்தினாலும், திருத்தங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தால் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் அவற்றைத் தானாகவே மெர்ஜ் செய்துவிடும், அதாவது ஒன்றாக இணைத்துவிடும். கேம் உருவாக்கத்தில் இந்த நிம்மதி நிரலாளருக்கு மட்டுமே வாய்க்கிறது. டெக்ஸ்சர் (பொருளின் பரப்பில் ஒட்டும் படம்), முப்பரிமாண மாடல், ஒலி ஆகியவை வரிவரியாக இணைக்க முடியாத பைனரிக் கோப்புகள் என்பதால், ஒரே படத்தை இரு ஓவியர்கள் தனித்தனியாகத் திருத்திவிட்டால் ஒருவரின் உழைப்பு வீணாகும். ஆகவே, கிட், அதே வேலையைச் செய்யும் பெர்ஃபோர்ஸ் ஆகிய இரண்டில் ஒரு குழு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், உங்கள் கோப்புகளில் மெர்ஜ் ஆகாதவை எவ்வளவு என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

லினக்ஸ் கெர்னலுக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் வைப்பது. இணையம் இல்லாமலே கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தைப் பதியலாம்; முன்பின் அறியாத தன்னார்வலர்கூட ஃபோர்க் (தனக்கென ஒரு நகல்) எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்கலாம். ஆனால் பெரிய மாடல் ஒன்றைப் பத்து முறை மாற்றினால் பத்துப் பதிப்புகளும் எல்லோருடைய வட்டிலும் குவியும். போதாதற்கு, 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை, கிட் திட்டங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் ஏற்பதில்லை. இதற்காக 2015இல் அறிமுகமான கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவி, ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) மூன்று வரிச் சுட்டியை மட்டும் வைத்துவிட்டு உண்மையான கோப்பைச் சர்வரில் தனியே சேமிக்கிறது. அதை நிறுவ மறந்த புதியவர் மரத்தின் படத்தைத் திறந்தால், மரம் வராது; அந்த மூன்று வரிதான் இருக்கும்.

பெர்ஃபோர்ஸில் எல்லாம் மையச் சர்வரில். திருத்தப்போவதாகச் சர்வரிடம் பதிந்து செக்-அவுட் செய்யும்வரை கோப்பு படிக்க மட்டுமே திறக்கும். யார் எதைத் திருத்துகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரத்யேக லாக் வகையாகக் குறித்த கோப்பை ஒருவர் எடுத்திருக்கும்போது மற்றவர் எடுக்கவே முடியாது. ஓவியர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும், பெரிய குழுவென்றால் உரிமக் கட்டணமும் உண்டு.

எல்எஃப்எஸ்ஸிலும் லாக் வசதி உண்டு. ஆனால் நண்பரின் மாற்றம் இன்னும் மெர்ஜ் ஆகாத வேறொரு பிராஞ்சில் (தனியாக நடக்கும் வேலைக் கிளையில்) இருந்தால், லாக் உங்கள் கையில் இருந்தும் நீங்கள் திருத்துவது பழைய பதிப்பாகவே இருக்கும். இந்தக் குறையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மெர்ஜ் ஆகும் நிரலுக்கும் ஆகாத பைனரிக்கும் நடுவே சிக்குவது சீன் கோப்பு, அதாவது காட்சியில் எது எங்கே இருக்கிறது என்ற பதிவு. கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவின் சீன் உரைதான். ஆனாலும் எங்கள் நால்வர் குழுவில் நான் கிணற்றை நகர்த்த, நண்பர் அதே கிராமக் காட்சியில் விளக்குகளை வைக்க, மெர்ஜ் செய்தபோது கோப்பின் நடுவே கிட் மோதலைக் காட்டப் போடும் ஏழு கோணக்குறிகள் விழுந்து, காட்சி திறக்கவே மறுத்தது. என் பதிப்பை வைத்துக்கொண்டோம். நண்பர் தம் விளக்குகள் அனைத்தையும் மறுபடி வைத்தார். அவருடைய ஒரு மாலை முழுவதும் அதிலேயே போனது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதன்பின் வீடு, கிணறு, விளக்கு வரிசை என ஒவ்வொன்றையும் தனி சீனாகப் பிரித்தோம். இன்னொரு கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் 5, கேம் உலகிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தனிக் கோப்பாகச் சேமிக்க வழி தந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

அன்ரியலில் கலைஞர்கள் மிகுந்த குழுவுக்குப் பெர்ஃபோர்ஸையே பரிந்துரைப்பேன். நிரல் மிகுந்த, தன்னார்வலர் வந்துபோகும் திட்டத்துக்குக் கிட்டும் எல்எஃப்எஸ்ஸும் பொருந்தும். நாங்கள் கிட்டிலேயே இருக்கிறோம். படங்களையும் மாடல்களையும் லாக் செய்யாமல் திருத்த முடியாதபடி அமைத்து, அவற்றுக்குத் தனிப் பிராஞ்ச் எடுப்பதை நிறுத்திவிட்டோம்.