ஸ்னோர்க்கல் என்று சொல்லி வெறும் குழாயை ஒட்டிவிட்டார்கள்: 78,500 ரூபா போச்சு

டபிள் கேப், ஜீப் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். 78,500 ரூபா கொடுத்து என் ஹைலக்ஸ் விகோவுக்கு ஸ்னோர்க்கல் பூட்டினேன். தண்ணீருக்குள் போகும்போது எஞ்சின் கூரை உயரத்திலிருந்து காற்று இழுக்கவென்று வைக்கிற குழாய்தான் அது. போன சனிக்கிழமை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்கினேன். இப்போது வாகனம் கராஜில், நான் பஸ்ஸில். கடையின் பெயரைப் போடு போடு என்று மச்சான் நிற்கிறான். வழக்கு, பொலிஸ் என்று அலைய என்னால் ஏலாது. கொழும்பின் ஓரத்தில், முகநூலில் படம் போட்டு ஆள் பிடிக்கிற, ஃபோர் வீல் வாகனங்களுக்கு லைட், பம்பர், ஸ்டிக்கர் பூட்டுகிற ஒரு கடை. அவ்வளவு போதும். என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஷோ காட்டுவதற்காக நான் இதைப் பூட்டவில்லை. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது வெல்லம்பிட்டியில் தங்கை வீட்டுக்குப் போக முடியாமல் இரண்டு நாள் வெள்ளவத்தையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதோடு மனைவியின் ஊர் மட்டக்களப்புப் பக்கம், மாமாவின் வயல் கிரானுக்கு அப்பால். மாரி பெய்தால் கிரான் – புலிபாய்ந்தகல் பாதையில் தண்ணீர் ஏறிவிடும், உழவு இயந்திரமும் படகும்தான் கதி. அதனால்தான் இந்த ஆசை.

முதலில் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரித்தேன். ஒரு வயதான கடைக்காரர், "குழாய் இருக்கு தம்பி. பூட்டத் தெரிஞ்சவனை நீங்கதான் பாத்துக்கொள்ள வேணும்" என்றார். இப்போது யோசித்தால் அந்த மனிசன் ஒருவர்தான் உண்மை பேசியிருக்கிறார். நானோ எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் நல்லது என்று நினைத்தேன்.

இந்தக் கடையில் போய் இறங்கியதும் பிளேன் டீ வந்தது. முதலாளிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வாகனத்தைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணா மட்டக்களப்பா?" என்றார். மனைவி அந்தப் பக்கம் என்றேன். "அப்ப நீங்க எங்கட மாப்பிள்ளை! எங்க அம்மம்மா வாழைச்சேனை" என்று என் தோளில் கை வைத்தார். அந்த இடத்தில் விழுந்தவன்தான் நான். பிறகு அவர் காட்டிய படங்களையெல்லாம் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பொனட் வரை தண்ணீரில் நிற்கிற ஜீப் ஒன்று, அதன்மேல் இரண்டு பையன்கள் கையை விரித்துக்கொண்டு. "இதைப் பூட்டினா வாகனம் கூரைல இருந்து மூச்சு விடும் அண்ணா. ஒண்டும் யோசிக்காதீங்க." மகன் குழாயின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஒரு ஸ்டிக்கர் சும்மா கொடுத்தார்கள்.

குழாய்க்கும் பூட்டுகூலிக்கும் சேர்த்து 78,500. முழுக் காசையும் முதலே கேட்டார்கள், கொடுத்தேன். ஊர்க்காரனிடம் பாதி, மீதி என்று பேசுவது எனக்கு வெட்கமாக இருந்தது! பூட்டும்போது பக்கத்தில் நிற்கவும் விடவில்லை. "துளை போடேக்க இரும்புத்தூள் கண்ணில பறக்கும், நீங்க சாப்பிட்டு வாங்க" என்றார்கள். கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வலப்பக்க மட்காட்டிலிருந்து கூரை வரை கறுப்பாக, மினுமினுவென்று நிற்கிறது. நானும் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தப் படத்தை இப்போது பார்க்க எரிகிறது.

சனிக்கிழமை நடந்தது இதுதான். கிரானில் எனக்கு முன்னால் இரண்டு உழவு இயந்திரங்கள் கடந்தன. இறங்கிப் பார்த்தேன், தண்ணீர் முழங்காலுக்கு மேல், இழுப்பு அதிகமில்லை. லோ ரேஞ்சில் போட்டு மெதுவாக இறக்கினேன். நடுவில் தண்ணீர் ஹெட்லைட்டின் கீழ்விளிம்பைத் தொட்டது. எஞ்சின் ஒரு தரம் இருமியது, பிறகு "டக்" என்று நின்றது. நான் சாவியைத் திருப்பினேன். அது என் பிழை, மறைக்கவில்லை. இன்னொரு "டக்", அவ்வளவுதான். டீசல் எஞ்சின் காற்றை நசுக்கித்தான் ஓடுகிறது. உள்ளே தண்ணீர் போனால் தண்ணீர் நசுங்காது, பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ரொட்தான் வளையும். இதெல்லாம் பிறகு கராஜ் பாஸ் சொல்லித் தெரிந்துகொண்டது. உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கொழும்புக்கு ஏற்றி வந்த பிறகு பாஸ் மட்காட்டின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றினார். "சேர், இங்க வந்து பாருங்க" என்று டோர்ச் அடித்தார். குழாயின் கீழ்முனை மட்காட்டுக்குள் ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற எயர் கிளீனர் பெட்டியின் பழைய வாய் அதற்கு ஒரு சாண் தள்ளி, பழைய மாதிரியே மட்காட்டுக்குள் இருந்துதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒன்றுமே இல்லை. துளையின் ஓரத்துக்குப் பெயின்ற்கூட அடிக்கவில்லை, துருப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு மகன் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பொலித்தீன் பையைக் கண்டெடுத்தான். உள்ளே இணைப்புக்கான ரப்பர் முழங்கை, இரண்டு கிளிப். பை பிரிக்கப்படவே இல்லை. 78,500 ரூபா!

அன்றைக்கே கோல் எடுத்தேன். "அண்ணா, ஒரு கல்யாண வீட்டில நிக்கிறன்." மறுநாள் எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன், நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. திங்கள் நேரில் போனேன். முதலாளி இல்லை என்றார்கள். உள் அறையில் அவருடைய இருமல் எனக்குக் கேட்கிறது. பிறகு வந்து, "பூட்டின பெடியன் வேலைய விட்டுப் போயிட்டான் சேர்" என்றார். அண்ணா எப்போது சேர் ஆனேன் என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னதுதான் உச்சம்: "தண்ணீல இறக்கச் சொல்லி நாங்க சொல்லவே இல்லையே. எல்லாரும் இத லுக்குக்குத்தானே பூட்டுறாங்க." பில்லை நீட்டினேன். அதில் "அலங்காரச் சாமான் 1 – 78,500" என்று எழுதியிருக்கிறது. அன்று காசைக் கொடுத்தபோது நான் அதை வாசிக்கவில்லை. ஸ்னோர்க்கல் என்ற சொல்லே எங்கும் இல்லை.

இன்சூரன்சுக்கு அறிவித்தேன். முதல் கேள்வியே, "மாற்றம் செய்ததை எங்களுக்கு எழுத்தில் தந்தீர்களா?" இல்லை.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. பூட்டி முடிந்ததும் கடை வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, தலையைக் கழற்றிக் குழாயின் வாயைப் பலகைத் துண்டால் இறுக்கி மூடுங்கள். சரியாகப் பூட்டியிருந்தால் சில விநாடியில் எஞ்சின் திணறும். திணறாமல் ஓடினால் காசு கொடுக்காதீர்கள். எயர் கிளீனர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய் இருக்கும், அதை அடைத்தார்களா என்று கேளுங்கள். டிஃப் (அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல்), கியர் பொக்ஸ் மூச்சுக்குழாய்களையும் மேலே தூக்கவேண்டுமாம், எனக்கு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பில்லில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, நான் நாளைக்கு எடுக்கப்போகிறேன்.

குழாயைக் கழற்றி அவர் மேசையில் எறியலாம் என்றால் அதுவும் முடியாது. கழற்றினால் மட்காட்டில் கை போகிற அளவுக்கு ஓட்டை. கராஜிலிருந்து கோல் வருகிறது, எஞ்சின் ஹெட்டைக் கழற்றிவிட்டார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.