சுவரில் பெயர், அடுப்பில் கை

சிங்கப்பூருக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் மன்னார்குடிக்காரர்கள் இப்போதெல்லாம் என்னிடம் தவறாமல் கேட்கிறார்கள்: “டிவியில் வருகிறாரே, அந்த செஃப் உணவகத்தில் நீங்கள் சாப்பிட்டீர்களாமே, கொடுத்த காசுக்குத் தகுமா?” ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கடந்த ஓராண்டில் மூன்று விதமான சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். முதலாவது, சிங்கப்பூரில் உலகப் புகழ் பெற்ற ஒருவரின் பெயர் தாங்கிய உணவகம். இரண்டாவது, நம் மாநிலத்துப் பெருநகர் ஒன்றில் தொலைக்காட்சிப் புகழ் செஃப் ஒருவரின் கிளை. மூன்றாவது, என் தங்கை மகன் கல்யாணத்தில் வலங்கைமான் பக்கத்துச் சமையல்காரர் போட்ட பந்தி. தாய்மாமன் என்ற முறையில் அந்தப் பந்திச் செலவும் என்னுடையது. ஆகவே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

சிங்கப்பூரில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் திருமண நாளுக்கு மகள் அழைத்துப் போனாள். மாப்பிள்ளையோடு சேர்த்து நால்வர். நான் கேட்டது பாராமுண்டி. பெயர்தான் புதிது, மீன் நம் கொடுவா. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் வலையில் விழுகிற அதே மீன். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு, தோல் மேலே இருக்கும்படி வைத்திருந்தார்கள். கத்தி பட்டதும் அப்பளம் முறிகிற ஓசை கேட்டது. அடியில் சதை இதழ் இதழாகப் பிரிந்தது. நடுவில் மட்டும் ஒரு துளி ஈரம் மிச்சமிருக்கும்படி பதம் பார்த்து இறக்கியிருந்தார்கள். இப்படி மீன் சமைத்து நம் பக்கம் நான் பார்த்ததில்லை, மனதாரச் சொல்கிறேன். நாம் மீனைக் குழம்பில் கொதிக்க விடுவோம், அல்லது தோசைக்கல்லில் முறுக வறுப்போம். மீனுக்குள் ஈரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே நமக்கு இல்லை.

ஆனால் மீனில் மீன் வாசம் இல்லை. குளிர்ப்பெட்டியில் பல நாள் கிடந்தது என்று நாக்கு சொல்லிவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் முத்துப்பேட்டைச் சாலையோர மெஸ் ஒன்றில் மண்சட்டியில் வைத்த கொடுவாக் குழம்பு சாப்பிட்டிருந்தேன். அங்கே மீன் ஒரு கொதி கூடுதலாகவே வெந்திருந்தது. ஆனால் காலையில் வலையில் துள்ளிய மீன் அது. புளியும் மிளகாயும் தாண்டி அதன் இனிப்பு தனியாகத் தெரிந்தது. சாப்பாடும் மீனும் சேர்த்து 260 ரூபாய். கைத்திறமையில் சிங்கப்பூர் ஜெயித்தது. மீனில் முத்துப்பேட்டை ஜெயித்தது. விலையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

விலை என்ன என்றால், மெனுவில் இருந்தபடி கூட்டினால் 320 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கட்டியது 383 வெள்ளி 68 காசு. அங்கே பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு ஒன்பது சதவீத ஜிஎஸ்டி. மெனுவில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அதற்குப் பொருள் இதுதான். நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தங்கை மகன் கல்யாணத்தில் இலைக்கு 280 ரூபாய் கொடுத்தேன். நால்வர் ஒரு வேளை சாப்பிட்ட பணத்தில் 90 இலை போடலாம்.

இது வெறும் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். உணவகத் தொழிலில் நாம் கொடுக்கும் பணத்தில் அரிசி, மீன், எண்ணெய்க்குப் போவது பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் ஆள் கூலி, இட வாடகை, மின்சாரம், தட்டுமுட்டுச் சாமான். பிரபலத்தின் பெயர் போட்ட இடமென்றால், பல நேரம் முதலாளி வேறு ஒருவர். பெயரைக் கொடுத்தவருக்கு உரிமத் தொகை தனியாகப் போகும். அந்தக் கடைசிச் செலவு மட்டும் தட்டில் எங்கேயும் தெரிவதில்லை.

பரிமாறிய பெண்ணிடம், செஃப் எப்போது வருவார் என்று கேட்டேன். இந்த ஆண்டு வரவில்லை என்றார். அவர் படம் மட்டும் வாசலில் ஆள் உயரத்துக்கு இருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கவனித்தவர், “மீன் அடுப்பில் நிற்பவர் உங்கள் ஊர்ப் பக்கம்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஐயா, நான் ஒரத்தநாடு. தஞ்சாவூரில் கேட்டரிங் படித்தேன்” என்றார். மீனைப் பற்றிக் கேட்டேன். தோல் அடியில் இருக்கும்படி போட்டு, முதலில் மேலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். விட்டால் தோல் சுருண்டுவிடும். முக்கால்வாசி அந்தப் பக்கமே வேக வேண்டும், கடைசி அரை நிமிடம்தான் திருப்பிப் போடுவதாம். “எண்ணெய்ச் சத்தம் மாறும் ஐயா, அப்போது எடுத்துவிடுவேன்.” அவர் பெயர் மெனுவில் இல்லை, சுவரில் இல்லை, பில்லிலும் இல்லை. நான் பாராட்டிய பதம் முழுவதும் அவருடையது. அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

பெயருக்கு உரியவர் அடுப்படியில் இல்லாவிட்டால் சாப்பாடு மோசமாகிவிடும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவு கட்ட வேண்டாம். லண்டன் செல்சீயில், தொலைக்காட்சிப் புகழ் பிரிட்டிஷ் செஃப் கார்டன் ராம்சேயின் முதன்மை உணவகம் 2001 முதல் மூன்று மிஷலின் நட்சத்திரத்தைத் தக்க வைத்திருக்கிறது. மிஷலின் என்பது உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும் வழிகாட்டி, மூன்றுதான் அதில் உச்சம். அவர் தொலைக்காட்சியில் உலகம் சுற்றிய காலத்தில் அந்தச் சமையலறையைப் பல ஆண்டுகள் நடத்தியவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த கிளேர் ஸ்மித். அவரே 2017-ல் ‘கோர்’ என்று சொந்த உணவகம் தொடங்கி 2021-ல் மூன்று நட்சத்திரம் வாங்கினார். கை அத்தனை காலமும் அவருடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறம், மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் பிரிட்டிஷ் செஃப் மார்கோ பியர் வைட் 1999-ல் தன் நட்சத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுப்படியில் நிற்காமல் பெரிய விலை வாங்குவது பொய்யான வாழ்க்கை என்று அவர் நினைத்தார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. பெயரைக் கிளை கிளையாகப் பரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு பிரிட்டிஷ் டிவி செஃப் ஜேமி ஆலிவர் கதை இருக்கிறது: 2019 மே மாதம் பிரிட்டனில் அவருடைய நிறுவனம் நொடித்து, இருந்த 25 உணவகங்களில் 22 உடனே மூடப்பட்டன. சுமார் ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று.

இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

அது ஒரு பெரிய ஹோட்டலுக்குள் இருந்த கிளை. மெனுவில் ‘கும்பகோணம் கடப்பா, மினி இட்லியுடன்’ என்று பார்த்ததும் வேறெதையும் யோசிக்காமல் அதையே கேட்டேன். இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடும் எங்கள் பக்கத்துப் பாசிப்பருப்புக் குழம்பு அது. விலை 345 ரூபாய். வந்தது தேங்காயும் முந்திரியும் அரைத்து மேலே கிரீம் ஊற்றிய வெள்ளைக் குருமா. பாசிப்பருப்பு ஒன்றுகூட இல்லை. பாசிப்பருப்பு இல்லாமல் கடப்பா எப்படி வரும்?

கடப்பா எங்கள் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பல கடைகளில் அன்று மட்டும்தான் போடுவார்கள். எட்டரை மணிக்குப் போனால் வாளி காலி. பாசிப்பருப்பைக் குழையவிடாமல், முழுசாகவும் விடாமல், விரலால் தொட்டால் நசுங்குகிற அளவில் வேகவைக்க வேண்டும். உருளைக்கிழங்கு தனியாக வெந்து கையால் உதிர்த்துப் போட்டதாக இருக்க வேண்டும். கத்தியால் வெட்டிய சதுரம் ஆகாது. தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா சேர்த்து அரைத்து விட்டு, ஒரே கொதியில் இறக்கிவிட வேண்டும். பட்டை, கிராம்பு தாளிப்பில் லேசாக. இறக்கிய பிறகுதான் எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். இட்லியின் மேல் ஊற்றினால் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. சிங்கப்பூரில் கசகசாவுக்கே தடை, அதனால் என் மகள் அங்கே முந்திரி அரைத்துச் சமாளிக்கிறாள். அது ஊர் கட்டாயம். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஊரின் பெயரைப் பலகையில் எழுதி, அந்த ஊரின் பருப்பை விட்டுவிட எந்தக் கட்டாயமும் இல்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். “செஃப் கொடுத்த செய்முறை சார், நாங்கள் மாற்ற முடியாது” என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு அந்த விகிதம்தான், மற்ற உணவகங்களுக்கு ஐந்து. அது சட்டப்படி சரி. சேவைக் கட்டணமும் தானாகச் சேர்த்திருந்தார்கள். அது சரியில்லை. அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுத்துச் சொன்னதும் நீக்கிக் கொடுத்தார்கள். நீங்களும் பில்லைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

இப்போது வலங்கைமான் பக்கத்துக்காரர். இவரும் பெயர் பெற்றவர்தான். இவர் நாள் கொடுத்த பிறகு மண்டபம் பார்க்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மன்னார்குடி வந்து, மண்டபத்துச் சமையல்கட்டைப் பார்த்து, குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தார். “அண்ணா, இந்த போர் தண்ணீரில் பருப்பு மலராது. வேகவைக்க மட்டும் நல்ல தண்ணீர் ஒரு டேங்கர் சொல்லிவிடுங்கள்” என்றார். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு கல்லாகவே நிற்கும் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

முகூர்த்த நாள் அதிகாலை மூன்றரை மணிக்கு நான் சமையல்கட்டுக்குப் போனபோது கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சரக்கு மாஸ்டர் ஒரு பக்கம் ஜாங்கிரி பிழிந்துகொண்டிருந்தார். இவர் தோளில் துண்டோடு ஒவ்வொரு அண்டாவாகப் போய்க் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். 600 இலை, மூன்று பந்தி. ரசத்தை மட்டும் பந்திக்குப் பந்தி புதிதாக வைத்தார். ஏன் என்று கேட்டேன். “முதல் பந்தி ரசம் மூன்றாம் பந்திக்கு ஆகாது அண்ணா, மிளகு வாசம் போய் புளி மட்டும் நிற்கும்.” அண்டாவின் ஓரத்தில் நுரை வளையமாகக் கூடியதும் அண்டாவைத் தொடவில்லை, அடியிலிருந்து இரண்டு விறகை வெளியே இழுத்தார். அவர் நாள் கொடுக்கும்வரை காத்திருந்ததற்கு அந்த ஒரு நொடியே போதும்.

குறையும் இருந்தது. மூன்றாம் பந்திக்குப் பாயசம் நீர்த்துப் போயிற்று, கடைசி வரிசைக்கு அவியல் எட்டவில்லை. உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கிற அவசரம் வேறு. நிம்மதியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மனைவியோடும் மகளோடும் பேசிச் சாப்பிட்டது சிங்கப்பூரில்தான், அதற்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாயசத்தைப் பற்றி நான் வாய் திறக்கும் முன் அவரே வந்து சொன்னார். பெயருக்கு உரியவர் அங்கேயே நின்றதால் வந்த பொறுப்பு அது.

பிரபலம் என்றாலே வேண்டாம் என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. நியூயார்க்கில் ‘செம்மா’ உணவகத்தின் செஃப் விஜய்குமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். அந்த உணவகம் 2022-ல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. 2025-ல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று, அமெரிக்கச் சமையல் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய மெனுவில் நத்தைப் பிரட்டல் இருக்கிறது. நம் டெல்டாவிலும் வயலில் நத்தை பொறுக்கி வந்து சமைக்கிற வீடுகள் எத்தனையோ. அந்த உணவை எந்தப் பந்தியிலும் நாம் வைத்ததில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும்படி வைத்திருந்தோம். பெயர் பெற்ற ஒருவர் அதை அப்படியே மேசைக்குக் கொண்டு வந்தார். என்னால் நியூயார்க் போக முடியாது, ஆனால் அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். விலை குறைவாகவும் பெயர் வரலாம்: சிங்கப்பூர் சைனாடவுனில் சான் ஹோன் மெங் என்பவரின் கோழிச் சோற்றுக் கடைக்கு 2016-ல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, அப்போது ஒரு தட்டு இரண்டு வெள்ளி. பிறகு பெயர் நாடு நாடாகக் கிளை விட்டது. 2021 பட்டியலில் அந்த நட்சத்திரம் இல்லை.

அதனால், கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். ஒரே உணவகம் வைத்து அதிலேயே நிற்கிற செஃப் என்றால் சேமித்து வைத்தாவது ஒரு முறை போங்கள். கிளை என்றால் முன்பே தொலைபேசியில் அழைத்து, சமையலறைத் தலைவர் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேளுங்கள். தயங்காமல் பெயர் சொன்னால் நம்பலாம். பல இடங்களில் மதிய நேரச் செட் மெனு இரவைவிட மலிவு, கை அதே கைதான். நம் ஊர்ப் பெயர் போட்ட பதார்த்தத்தை வெளியூர்ப் பெரிய ஹோட்டலில் கேட்காதீர்கள். அதற்குக் கும்பகோணம் பஸ் ஏறுங்கள், ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிக்குள்.

போன வாரம் மகள் போனில், “அப்பா, அடுத்த முறை வரும்போது வேறு பெரிய செஃப் இடத்துக்குப் போகலாமா?” என்று கேட்டாள். பழைய இடத்துக்கே போகலாம், மதியம் போதும், எனக்கு ஒரு மீன் போதும் என்றேன். அந்த ஒரத்தநாட்டுத் தம்பிக்கு என்றைக்கு வேலை என்று மட்டும் கேட்டுவிட்டு மேசைக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.