நத்தைக்கு மருந்தா, வாத்தா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பாகான் செராயில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் விளையும் நெல். நாற்றுத் தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைப் பார்த்தாலே மனசு பதறும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த, நாற்றைத் தின்னும் தங்க நத்தையின் முட்டை அது.

நிக்லோசமைட் என்ற நத்தை மருந்தை அடித்தால் நத்தை சீக்கிரம் சாகும். மீனும் சேர்ந்து சாகும். வாய்க்கால் ஓரம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். தோட்டத்தில் மருந்தடித்தே கை வெந்துபோன அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு இது வேண்டாம்.

வயலில் வாத்து விட்டால் நமக்குப் பொறுமை வேண்டும். குட்டி நத்தை, களை, பூச்சி எல்லாம் தின்னும், எச்சம் உரமாகும், கால் கிளறும் சேற்றில் காற்று புகுந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும். ஜப்பானில் தக்காவோ ஃபுருனோ என்ற விவசாயி 1988 முதல் செய்வது இதைத்தான். தலைப்பிரட்டையையும் விழுங்கிவிடும், அது இழப்புதான். கதிர் பிடித்ததும் கரையேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல்லையே மேயும்.