நீட் மார்க்கா, பிளஸ் டூ மார்க்கா?

காரைக்குடி வீட்டில், வளவுத் தூணில் சாய்ந்தபடி அண்ணன் மகள் நீட் மாதிரித் தாள் எழுதுகிறாள்: 180 நிமிடம், 180 கேள்வி. தப்பு விடைக்கு ஒரு மார்க் போய்விடும். வட்டம் நிரப்பும் அவளது ஓஎம்ஆர் விடைத்தாளில் பேனா தயங்கித் தயங்கி நிற்கிறது.

2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்தான் மருத்துவச் சீட்டைத் தீர்மானித்தது: மொத்தம் 200-இல் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50.

எது நல்ல மருத்துவரைக் காட்டும்? உடற்கூறியல், உடலியங்கியல் படிக்கும் தொடக்க ஆண்டுகளை இரண்டுமே ஓரளவு கணிக்கும். நோயாளிகளைப் பார்க்க வார்டுக்குப் போனபின் அந்தக் கணிப்பின் பிடி தளரும். உள்ளே வந்த எல்லோரும் அதிக மார்க்காரர்கள் என்பதால் வித்தியாசமும் மங்கிவிடும். எனக்குப் பள்ளி மார்க் மேல்தான் நம்பிக்கை அதிகம். அதில் பல மாத உழைப்பு தெரியும், மனப்பாடமும் கலந்திருக்கும் என்றாலும். ஆனால் சிவகங்கை அரசு மருத்துவமனையில் ஓர் ஆச்சி "நெஞ்சு கரிக்குதுப்பா" என்றால் பொறுமையாகக் கேட்கும் காதை இரண்டுமே அளப்பதில்லை.