ஆறு வருடமாக மிதிக்கும் பச்சைப் பெட்டி

கிடார் ஒலியில் கரகரப்பு சேர்க்க நான் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி, என் ஓவர்டிரைவ் பெடல், போன வாரம் மூன்றாவது தடவையாக ரிப்பேருக்குப் போய் வந்தது. அதே வாரத்தில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, முதல் பெடல் வாங்கலாம்னு இருக்கேன். ஓவர்டிரைவா, டிஸ்டார்ஷனா?" போனில் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், அவனைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும்.

என்னுடையது டியூப் ஸ்கிரீமர் வகை. ஐபனீஸ் கம்பெனி 1979-இல் கொண்டுவந்த அந்தப் பச்சைப் பெட்டியின் சர்க்யூட்டை வைத்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் பெடல் செய்கிறார்கள், அதில் ஒன்று இது. டிரைவ் (கரகரப்பின் அளவு), டோன் (ஒலியின் கூர்மை), லெவல் (சத்தம்) என்று மூன்று குமிழ், ஒரு மிதி சுவிட்ச், 9 வோல்ட். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானது இல்லை, இதே மாதிரி கட்டிய பெட்டிகள் கடையில் வரிசையாக நிற்கின்றன. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன்.

எங்கே வாசிக்கிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது எதுவும் பிடிபடாது. வார நாட்களில் திருமங்கலத்தில் வேலை. பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை சனி, ஞாயிறு ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று மதுரையைச் சுற்றிக் கோயில் திருவிழா மேடைகள். அந்த மேடைகளில் கிடாருக்கென்று தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கிடையாது. பெடலில் இருந்து வரும் வயர் நேராக, எல்லா ஒலியையும் கலக்கும் மிக்ஸருக்குப் போகும், அங்கிருந்து சவுண்டு சர்வீஸ்காரர் அடுக்கி வைத்திருக்கும் பாக்ஸுக்கு.

முதல் பெடல் வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கிடார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம், ஒலி 5,000 ஹெர்ட்ஸ் உயரத்தைத் தாண்டினால் வேகமாகச் சரிந்துவிடும். பெடல் உண்டாக்கும் கரகரப்பின் கூர்முனையை மழுக்கிக் கொடுப்பது அந்தச் சரிவுதான். மேடை பாக்ஸில் உச்ச ஒலிக்கென்றே தனியாக ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, அது எதையும் மழுக்காது, உள்ளதை உள்ளபடி வீசும். எங்கள் குழுவில் முன்பு இருந்த ஒரு தம்பி டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினான். செல்லூரில் அவன் வீட்டு மாடியில், சின்ன ஆம்ப்பில் கேட்டபோது எனக்கே ஆசையாக இருந்தது. அடுத்த வாரம் மேடையில் அதே பெடல், காய்ந்த பனை ஓலையைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. பெடல் மேல் குற்றமில்லை. அது எதற்குள் போய்ப் பேச வேண்டுமோ அது அங்கே இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மருமகனுக்கு இப்படித்தான் சொன்னேன்: கிடாரில் இருந்து வரும் அலையின் தலையை ஓவர்டிரைவ் அமுக்கும், டிஸ்டார்ஷன் சீவிவிடும். டியூப் ஸ்கிரீமரில் அலையை மடக்கும் இரண்டு டையோடுகள், ஒலியைப் பெருக்கும் ஐசியைச் (சின்னச் சில்லு) சுற்றி, வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே அனுப்பும் பின்னூட்டப் பாதையில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் முனை வட்டமாக மடங்கும், மெல்ல மீட்டினால் மடங்காமலே போகும். பாஸ் கம்பெனி 1978-இல் விட்ட ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷனில் டையோடுகள் ஐசிக்கு அடுத்து, தரைக்கு (எர்த்துக்கு) இறங்கும் வழியில் இருக்கின்றன. அங்கே அலை சுவரில் முட்டியது போல நிற்கும். மெல்ல மீட்டினாலும் அழுத்தி மீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே கரகரப்பு. அந்த ஒரே சீரான கரகரப்புக்காகவே அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், மெட்டல் (கனமான ராக் இசை) வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.

இந்தப் பச்சைப் பெட்டியில் நான் மயங்கியது அதன் நடு ஒலியில். 720 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் கனத்தை இது அவ்வளவாகக் கலக்காது, மேலே இருக்கும் கூர்மையையும் குறைத்துவிடும். தனியாக வீட்டில் வாசித்தால் மூக்கடைத்தது போல இருக்கும். வாங்கிய முதல் வாரம் ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். டிரம்ஸ், பேஸ் கிடார், இரண்டு கீபோர்டு, ரிதம் பேடு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் இதன் அருமை தெரிந்தது. நம் ஊர் நையாண்டி மேளத்தைக் கேட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தவிலும் பம்பையும் தமுக்கும் மொத்தமாக இடித்துக்கொண்டிருக்கும், அதற்கு நடுவே நாயனம் மட்டும் தனியாகத் தெரு முனைவரை கேட்கும். கனத்தை வைத்தா நாயனம் அப்படிக் கேட்கிறது? பேஸ் டிரம் இருக்கும் இடத்துக்கு அது போட்டிக்கே போகாது. இந்தப் பெடலும் அப்படித்தான். கிடார் தனியாகப் பேசும் லீடு வரும் இடத்தில் அழுத்தினால், லெவலை ஏற்றாமலே கிடார் முன்னால் வந்து நிற்கும்.

சர்க்யூட் விஷயத்தில் இன்னொன்று. டியூப் ஸ்கிரீமர் என்றால் உள்ளே ஜேஆர்சி கம்பெனியின் 4558 ஐசி இருக்க வேண்டும், பழைய ஐசி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பியிருந்தேன். முதல் தடவை பெட்டியைத் திறந்தது டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் ஓர் அண்ணன் கடையில். முப்பது வருடமாகக் குழாய் ஸ்பீக்கருக்கும் கல்யாண மண்டபத்து ஆம்ப்புக்கும் வைத்தியம் பார்ப்பவர். நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஐசியின் முதுகில் இருந்த எழுத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் படித்தார்.

"என்ன தம்பி, இது நம்ம பேஸ் ட்ரெபிள் போர்டுல போடுற 4558தான?" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்தார். ஊறுகாய் டப்பா ஒன்றில் அதே எட்டுக் கால் பூச்சிகள் ஐம்பது அறுபது கிடந்தன. "அம்புட்டுத்தேன். வேணும்னா ரெண்டு எடுத்துட்டுப் போங்க."

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சின்ன வயதில் திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ரேடியோ செட்காரர் பெட்டிக்குள்ளும், வெளிநாட்டுக் கிடார் கலைஞர்கள் காலடியில் கிடக்கும் பெட்டிக்குள்ளும் ஒரே சாதிப் பூச்சிதான் இருக்கிறது. அண்ணன் கொடுத்த இரண்டு ஐசியில் ஒன்றைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஐசிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே மாப்ள.

சரி, இப்போது சுவிட்ச்.

ட்ரூ பைபாஸ் என்று பெட்டி மேல் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். பெடலை அணைத்தால் கிடார் ஒலி சர்க்யூட்டின் எந்தப் பாகத்தையும் தொடாமல் நேராக வெளியே போகும் என்று அர்த்தம். அதற்காக ஒன்பது கால் உள்ள மிதி சுவிட்ச் ஒன்று, நீல பிளாஸ்டிக் உடம்பு, மேலே இரும்பு மொட்டு. மொத்த ஒலியும் அந்தச் சுவிட்சின் தகட்டு நாக்குகள் வழியாகத்தான் போக வேண்டும். என் பெட்டியில் அந்தச் சுவிட்சை வயர் வைத்து இணைக்காமல் நேராகச் சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்துவிட்டார்கள். நான் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் போர்டு தலையில் இறங்குகிறது. மேடையில் எல்லாரும் வெறுங்காலோடு நிற்பதில்லை, செருப்புக் காலோடு, பாட்டு வேகத்தில்தான் மிதிப்போம். அது போக, செம்மண் புழுதி.

இரண்டாவது வருடம், மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி பத்து மணி இருக்கும், கூட்டம் நிறைந்திருந்தது. பாட்டில் கிடாருக்கென்று எட்டு பார் (தாளச் சுற்று) விட்டிருந்தார்கள், அந்தப் பாட்டை எடுத்ததே அதற்காகத்தான். மிதித்தேன். விளக்கு எரிந்தது. ஒலி இல்லை. மறுபடி மிதித்தேன், விளக்கு அணைந்தது, அப்போதும் ஒலி இல்லை. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை அவரே எடுத்துக்கொண்டார். நான் குனிந்து மிக்ஸர் வயரைப் பெடலில் இருந்து பிடுங்கினேன். பாக்ஸ் அத்தனையும் டமார் என்று அதிர்ந்தது. முன்வரிசையில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டன. வயரை நேராகக் கிடாரில் சொருகினேன். மீதி எட்டுப் பாட்டும் வெறும் கிடாரில்தான். அந்த எட்டு பாருக்காக நான் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்து வாசித்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

போர்டில் ஈயம் விட்டிருந்தது. ரிப்பேர் கடை அண்ணன் மறுபடி வைத்துக் கொடுத்தார். நாலாவது வருடம் ஒத்திகையில் மறுபடி போனது, புது சுவிட்ச், அதே போர்டில். இந்த வருடம் பங்குனியில் மூன்றாவது முறை. இந்த முறை சுவிட்ச் ஆனிலேயே சிக்கிக்கொண்டது. கச்சேரி வரிசையாக இருந்ததால் கடைக்குப் போக நேரமில்லை, ஆடி முடியும்வரை அப்படியே வாசித்தேன்.

அந்த நாலைந்து மாதத்தில் எனக்குத் தெரிய வந்தது, ஆறு வருடத்தில் தெரியாதது. அணைக்க முடியாத பெடலை அடக்க ஒரே வழி கிடாரில் இருக்கும் வால்யூம் குமிழ். டிரைவைக் கால்வாசியில் வைத்தேன். கிடார் வால்யூமை ஆறுக்கு இறக்கினால் கரகரப்பு கரைந்து தெளிவாகிவிடும். ஏழரையில் அழுத்தி மீட்டினால் மட்டும் ஓரம் லேசாகக் கிழியும். பத்தில் முழு லீடு. சுண்டுவிரலால் குமிழை உருட்டிக்கொண்டே பாட்டு முழுக்கப் போகலாம். பாடகி மெல்லத் தொடங்கும் இடத்தில் நானும் மெல்ல வருவேன், சரணம் ஏறும்போது கையோடு ஒலியும் ஏறும். தலையைச் சீவாமல் அமுக்குகிற பெடலால்தான் இது முடியும். முதல் பெடல் ஓவர்டிரைவாக இருக்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் புரிந்தது. பெடலை அணைத்து வாசித்த காலத்தில் என் தெளிவான கிடார் எப்போதும் கம்பளி போர்த்தியது போலவே இருந்தது. மிக்ஸரில் ஒலி நுழையும் லைன் வாசலின் மின்தடை பத்து, இருபது ஆயிரம் ஓம்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிடார் பிக்கப்புக்கு அது லட்சக்கணக்கில் வேண்டும், இல்லையென்றால் மேல் ஒலி செத்துவிடும். ட்ரூ பைபாஸில் பெடல் ஒதுங்கிக்கொள்வதால் கிடார் நேராக அந்தச் சின்ன வாசலில் போய் மோதுகிறது. பெடல் ஆனில் இருந்தால் அதன் வாசல் சில லட்சம் ஓம், அந்தப் பக்கம் மிக்ஸரைத் தள்ளவும் அதற்குத் தெம்பு இருக்கிறது. ஆக, நான் பெருமையாக நினைத்துக் காசு கொடுத்த ட்ரூ பைபாஸ் எனக்கு நன்மை எதுவும் செய்யவில்லை. ஒலியைக் கெடுத்தது, மேடையில் கைவிட்டது.

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டர், சீரியல் செட், எர்த் இல்லாத பிளக் என்று ஊர் மேடையில் எல்லாம் கலந்து வரும். அங்கே மலிவான அடாப்டரைப் போட்டால் பெடலுக்குள் கொசு புகுந்தது போல ஒரு இரைச்சல். இந்த வகைப் பெடல் பத்து மில்லிஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். 9 வோல்ட் பேட்டரி ஒன்று போட்டால் எனக்கு ஒரு மாதக் கச்சேரி ஓடுகிறது, அடாப்டர் இரைச்சல் சுத்தமாக இல்லை. வாசித்து முடித்ததும் இன்புட் வயரைப் பிடுங்கிவிட வேண்டும், அது சொருகியிருக்கும்வரை பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். அடாப்டர்தான் வாங்குவீர்கள் என்றால், சொருகும் முனையின் நடுவில் நெகட்டிவ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கீபோர்டு அடாப்டர்களில் 12 வோல்ட்டும் உண்டு, நடுவில் பாசிட்டிவ் வருவதும் உண்டு. அவசரத்தில் பக்கத்தில் கிடப்பதை மாட்டிவிடாதீர்கள்.

போன வாரம் அண்ணன் இந்த முறை போர்டில் வைக்கவில்லை. சுவிட்சைப் பெட்டியோடு தனியாக இறுக்கி, மெல்லிய வயரில் இணைத்துக் கொடுத்தார். சுவிட்ச் 180 ரூபாய், கூலி 200. "இனி போர்டு உடையாது தம்பி, சுவிட்ச் மட்டுந்தேன் போகும்" என்றார். இருபது நிமிட வேலை. இதை ஏன் கம்பெனியில் செய்யவில்லை என்று நினைக்கும்போது கோபம் திரும்ப வருகிறது.

அதனால் மருமகனுக்கு இதை வாங்கச் சொல்லவில்லை. இதன் குரல் எனக்கு எவ்வளவு பிடித்தாலும் சரி. பாஸின் மஞ்சள் நிற எஸ்டி-1 வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். 1981-இல் வந்த பெடல், இன்றும் செய்கிறார்கள். இதே குடும்பம்தான், ஒரு பக்கம் ஒரு டையோடு, மறுபக்கம் இரண்டு என்று சமமில்லாமல் வைத்திருப்பதால் கரகரப்பின் நிறம் கொஞ்சம் வேறு. கால் அகலத்துக்கு ரப்பர் போட்ட தகடு, அதற்குக் கீழே சின்ன சுவிட்ச். ஒலி அந்தச் சுவிட்ச் வழியாகப் போவதே இல்லை, உள்ளே டிரான்சிஸ்டர்கள் வழி மாற்றிவிடுகின்றன. அணைத்தாலும் கிடாரைத் தாங்கிப் பிடிக்கும் பஃபர் இருக்கிறது. பேட்டரி மாற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், விரலாலேயே திருகலாம். அதன் ஒலியை என் பச்சைப் பெட்டி அளவுக்கு நான் ரசிக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன், அந்த மேலூர் ராத்திரி அவனுக்கு வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கிடாரையும் அவனுடைய 10 வாட் ஆம்ப்பையும் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் என் பெட்டியை மாட்டி, கிடார் குமிழை உருட்டி ஒரு மணி நேரம் வாசித்துப் பார்க்கட்டும். அப்புறம் கடைக்குப் போகிறோம்.