அந்தரங்கத்தைக் காப்போம் என்கிறார்கள், வருமானம் எங்கிருந்து வருகிறது?

மருதமுனைக் கைத்தறிச் சேலையோ, காத்தான்குடிக் கடைத் துணியோ, இப்போது பாதி ஓடர் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஓடரோடு விலாசம், வங்கியில் பணம் கட்டிய சிட்டை, சில நேரம் அடையாள அட்டைப் படம்கூட வந்து சேரும். இதையெல்லாம் சுமக்கும் நிறுவனங்கள் எல்லாமே “உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்” என்கின்றன. அந்தப் பேச்சைத் தள்ளிவைத்து, ஒவ்வொன்றுக்கும் யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு என்பது என் எண்ணம்.

அப்பிள் கருவியை விற்றுப் பிழைக்கிற நிறுவனம். அதனால் அந்தரங்கத்தையே விற்பனைச் சரக்காக்க அதனால் முடிந்தது. 2021 ஏப்ரலில், மற்றச் செயலிகள் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஐபோனில் கட்டாயமாக்கியது. இதனால் 2022இல் தனக்குச் சுமார் 10 பில்லியன் டொலர் வருமானம் குறையும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கணக்குச் சொன்னது. ஆனால் அதே 2022இல், ஐபோனில் இணையம் பார்க்கும் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கூகுள் அப்பிளுக்கு 20 பில்லியன் டொலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. விளம்பரக்காரர்களைத் தடுக்கிற அதே கதவில், ஆகப் பெரிய விளம்பரக்காரருக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு ஐபோன் விலை நம்மூரில் எத்தனை வீட்டுக்குக் கட்டும்?

வட்ஸ்அப் கதை வேறு. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு டொலர் என்று பாவனையாளரிடமே வாங்கினார்கள். 2014இல் பேஸ்புக் அதை வாங்கியது. 2016இல் அந்தக் கட்டணம் போனது, அதே ஆண்டு எல்லா உரையாடலுக்கும் முழுக் குறியாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத பூட்டு, வந்தது. நீங்கள் எழுதியதை மெட்டா வாசிக்க முடியாது, அது உண்மை. ஆனால் யாரோடு, எப்போது, எந்தக் கருவியிலிருந்து பேசினீர்கள் என்ற விபரம் அந்தப் பூட்டுக்குள் இல்லை. இன்று வருமானம் வருவது வியாபார நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளுக்கு வாங்கும் கட்டணத்திலிருந்தும், 2025 முதல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வரும் விளம்பரத்திலிருந்தும். கடிதத்தைப் பிரிக்காத தபால்காரர், ஆனால் உறையில் எழுதியிருப்பதையெல்லாம் குறித்துவைக்கிறார்.

சிக்னலும் வட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிதான், ஆனால் அதை நடத்துவது இலாபம் பார்க்காத அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. வட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன் அங்கிருந்து வெளியேறி, 2018இல் இதற்கு 50 மில்லியன் டொலர் கொடுத்தார். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விபரம்: கணக்குத் தொடங்கிய திகதி, கடைசியாக இணைந்த திகதி. கையில் இல்லாததை யாரும் பறிக்க முடியாது. எனக்கு இதுதான் நாணயமான வழியாகப் படுகிறது. ஆனால் ஆண்டுச் செலவு 50 மில்லியன் டொலரை எட்டும் என்று 2023இல் அவர்களே சொன்னார்கள். நன்கொடை வற்றினால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது.

டெலிகிராம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பாதுகாப்பானது என்று பலரும் நம்பினாலும், அங்கே இரகசிய உரையாடலைத் தனியாகத் தெரிவு செய்தால்தான் முழுக் குறியாக்கம். குழுக்களுக்கு அதுவும் இல்லை.

அப்போ கடைக்காரர் என்ன செய்வது? கல்முனை வாடிக்கையாளரும் கட்டாரில் இருக்கும் மகனும் வட்ஸ்அப்பில் இருக்கும்போது அதை விடச் சொல்வது நடக்காத காரியம். ஓடர் அங்கேயே எடுங்கள். ஆனால் வட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் (Settings) போய், உரையாடல் காப்புப்பிரதிக்கான குறியாக்கத்தை நீங்களே போட்டுவிடுங்கள், அது தானாக வராது. வீட்டு ஆட்களின் கடவுச்சீட்டு, வைத்திய அறிக்கை, காணி உறுதி ஆகியவற்றைச் சிக்னலில் அனுப்பலாம். வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தை, அவசியமில்லை என்றால் கேட்கவே வேண்டாம். வந்துவிட்டால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025இல் பிற்போடப்பட்டாலும், ஒரு மீறலுக்கு 10 மில்லியன் ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. “உங்கள் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம்” என்று கடை வாசலில் இன்றே எழுதிவைத்து, அதன்படி நடக்கிற கடைக்குத்தான் நான் போவேன்.